கணக்கில் வராத போட்டியாளர்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – புள்ளியியல்)

முன்னுரை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. வகுப்பறையில் நாம் கற்கும் புள்ளியியலும் தேர்வுத் தாளோடு நின்றுவிட்டால் அந்தச் சுரைக்காயின் கதைதான். அது நம் வீட்டு வாசல் வரை வர வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

என் தந்தையார் சிறிய இரும்புப் பட்டறை ஒன்று நடத்துகிறார். கிரில் கதவு, ஜன்னல், பெஞ்சு செய்வது அவர் தொழில். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அரசாங்கக் காகிதம் எது வந்தாலும் படித்துச் சொல்வது என் வேலை. சென்ற கோடை விடுமுறையில் பெஞ்சு, டெஸ்க் வழங்குவதற்கான டெண்டர் விளம்பரம் ஒன்றை நாளிதழில் கண்டு அவருக்குப் படித்துக் காட்டினேன். இதே போன்ற வேலையை முந்தைய மூன்றாண்டுகளில் குறிப்பிட்ட தொகைக்குச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்ததும் அவர் கையமர்த்தினார். "நமக்குச் சரிப்பட்டு வராதும்மா, பேப்பரை மடிச்சு வை" என்றார்.

அந்த டெண்டரின் கோப்பில் வென்றவர் பெயர் இருக்கும். தோற்றவர் பெயரும் இருக்கும். மடித்து வைத்தவர் பெயர் இராது. இவரைப் போன்றோரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சட்டம் தரும் இடம்

சிறு தொழில்களுக்கு அரசு இடம் தரவில்லை என்று கூறிவிட முடியாது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் பெற வேண்டும் என்ற கொள்கை 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2018-இல் அது 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோர்க்கு 4 விழுக்காடும், பெண்களுக்கு 3 விழுக்காடும் உண்டு. இந்நிறுவனங்கள் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை. டெண்டர் படிவமும் இலவசம். நம் மாநிலத்தில் ஒப்பந்தப்புள்ளிகளை ஒழுங்குபடுத்த 1998-ஆம் ஆண்டே தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

இவ்வளவும் பயன் தருகின்றனவா என்று அறியத் தரவு வேண்டும். எந்தத் தரவு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

விகிதம் செய்யும் மாயம்

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஓர் அலுவலகத்தின் டெண்டர்களில் முதலாண்டு 20 சிறு நிறுவனங்கள் போட்டியிட்டு 5 வென்றன. வெற்றி விகிதம் 25 விழுக்காடு. மறு ஆண்டு 8 நிறுவனங்களே போட்டியிட்டு 4 வென்றன. விகிதம் 50 விழுக்காடு. அறிக்கையில் "வெற்றி இருமடங்காயிற்று" என்று எழுதலாம். அது பொய்யும் அன்று. ஆனால் வென்றவர் ஒருவர் குறைந்திருக்கிறார். 12 பேர் களத்தைவிட்டே போயிருக்கிறார்கள். பின்னத்தின் மதிப்பை மட்டும் பார்த்து, பகுதி சுருங்கியதைக் காணாமல் விட்டதன் விளைவு இது.

யார் சிறியவர்?

அளக்கும் படியே மாறினால் எடை என்னாகும்? 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உற்பத்தித் தொழிலில் இயந்திர முதலீடு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாதது சிறு நிறுவனம். 2020 ஜூலை முதல் அவ்வரம்பு 10 கோடி முதலீடு, 50 கோடி விற்றுமுதல் என ஆயிற்று. 2025 ஏப்ரல் முதல் 25 கோடி முதலீடு, 100 கோடி விற்றுமுதல். நேற்றுவரை நடுத்தர நிறுவனமாக இருந்தது இன்று சிறு நிறுவனம். ஆகவே ஒரு பட்டறைகூடப் புதிதாக வேலை பெறாமலேயே சிறு நிறுவனங்களின் பங்கு உயர்ந்ததாகக் கணக்குக் காட்ட முடியும். ஆண்டுகளை ஒப்பிடுவோர் ஒவ்வொரு நிறுவனத்தின் முதலீட்டையும் விற்றுமுதலையும் தனித்தனியே குறித்து, ஒரே வரம்பை வைத்து எல்லா ஆண்டுகளையும் அளத்தல் வேண்டும்.

தரவு திரட்டும் முறை

1. கோப்பிலிருந்து: உறை பிரிக்கும் பதிவு, விலை ஒப்பீட்டுப் பட்டியல், ஏற்பு ஆணை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோற்றவர் விலையில் தோற்றாரா, தகுதிச் சான்று இல்லாமல் தள்ளப்பட்டாரா என்பதைத் தனித்தனிக் கட்டங்களில் எழுத வேண்டும். முடிந்த டெண்டர்களின் விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் விண்ணப்பித்துக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்; விடைக்கு 30 நாள் வரம்பு.

2. தெருவிலிருந்து: டெண்டர் போடாதவர் எந்தக் கோப்பிலும் இல்லை. பதிவு செய்த தொழில்களின் பட்டியலும் முழுமையாகாது. பதிவே செய்யாதவர் அதில் வரமாட்டார். தெருத் தெருவாக நடந்து பட்டறைகளைப் பட்டியலிட்டு, அதிலிருந்து சமவாய்ப்பு முறையில் கூறெடுப்பதே வழி.

3. கேள்வி அமைப்பு: "ஏன் டெண்டர் போடவில்லை?" என்று கேட்டு, "விருப்பமில்லை" என்று ஒரு கட்டம் வைத்தால், பெரும்பாலோர் அதையே காட்டிவிடுவர். என் தந்தையாரும் அதைத்தான் காட்டியிருப்பார். "கடைசியாகப் பார்த்த டெண்டர் எது? எந்த நிபந்தனை வரை படித்தீர்கள்?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். வினாப்படிவத்தை முதலில் சிலரிடம் சோதித்துப் பார்ப்பது நலம். இத்தகைய முன்னோட்ட ஆய்வின் பயனை, வங்காளத்துச் சணல் பயிர் ஆய்வுகளில் 1937 முதற்கொண்டே பேராசிரியர் மகலனோபிஸ் செய்து காட்டினார்.

4. பணம் வந்த நாள்: வேலை கிடைத்ததோடு கணக்கு முடிவதில்லை. சரக்கை ஏற்றபின் 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் வட்டியும் உண்டு. கடனுக்கு இரும்பு வாங்கும் பட்டறைக்காரருக்கு, பணம் வரும் நாளைப் பொறுத்தே அடுத்த டெண்டர். எனவே சரக்கு ஏற்கப்பட்ட நாளும் பணம் கைக்கு வந்த நாளும் பதிவாக வேண்டும்.

முடிவுரை

"எத்தனை பேர் வென்றார்கள்?" என்பது எளிய கேள்வி, விடையும் கோப்பிலேயே இருக்கிறது. "எத்தனை பேர் வாசலிலேயே திரும்பினார்கள், எந்த நிபந்தனையைக் கண்டு?" என்பது கால் நோக நடந்து கேட்க வேண்டிய கேள்வி. இந்த இரண்டாவது விடை இல்லாமல், சலுகை போதுமா, நிபந்தனையைத் தளர்த்த வேண்டுமா என்று முடிவு செய்ய இயலாது.

நம் துறையின் இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுவது வழக்கம். நம் ஊர்ப் பட்டறைத் தெரு கல்லூரிக்கு அருகிலேயே இருக்கிறது. வினாப்படிவத்தோடு அங்கே செல்வோம். அடுத்த ஆண்டு நான் தொடங்கும்போது முதல் படிவத்தை எங்கள் வீட்டிலேயே நிரப்புவேன். மடித்து வைத்த அந்த நாளிதழ் இன்னும் பத்திரமாக இருக்கிறது.