நம்ம பேச்சு மெஷினுக்குப் புரியுமா?



கைபேசியில் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால், நாம் சொன்னது எழுத்தாக வந்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்போம். கூகுள் நிறுவனம் 2017-ல் இந்த வசதியைத் தமிழிலும் கொடுத்தது. எழுதச் சிரமப்படும் உறுப்பினர்களுக்கு இது நல்ல உதவிதான். ஆனால் பெரம்பலூர் சந்தையிலும் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டிலும் நாம் பேசுகிற பேச்சு அந்த மெஷினுக்குச் சரியாகப் புரியுமா? அது தப்பாக எழுதினால் நஷ்டம் யாருக்கு? இந்த இதழில் இதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

மெஷின் எப்படிக் கேட்கிறது?

நாம் பேசுகிற ஒரு நொடிப் பேச்சை மெஷின் ஏறக்குறைய நூறு துண்டாக நறுக்கிப் பார்க்கிறது. ஒவ்வொரு துண்டிலும் என்ன ஒலி இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. இதற்கு முன்னாடியே, பல பேர் பேசிய பதிவுகளையும் அவர்கள் பேசியதை எழுதி வைத்த எழுத்தையும் கொடுத்து அதைப் பழக்கியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தை வைத்து, "இந்த ஒலிக்கு இந்த வார்த்தை, இதற்கு அப்புறம் இந்த வார்த்தை வரும்" என்று ஊகித்து எழுதுகிறது.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1952-ல் இப்படி ஒரு மெஷின் செய்தார்கள். அதற்கு எண்கள் மட்டும்தான் தெரியும். அதுவும் யார் குரலுக்குப் பழக்கினார்களோ அவர் பேசினால்தான் சரியாகச் சொல்லும். வேறு ஆள் பேசினால் தடுமாறும். இன்றைக்கு மெஷின் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆனாலும் பழகிய பேச்சைத்தான் அது நன்றாகப் புரிந்துகொள்கிறது.

தமிழில் என்ன சிரமம்?

நாம் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுதுகிறோம். பேசும்போது "வந்துட்டிருக்காங்க" என்கிறோம். "வாழைப்பழம்" என்பதை நம்மில் பலர் "வாளப்பளம்" என்றுதான் சொல்கிறோம். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் செய்தி வாசிப்பது போன்ற தமிழை மட்டும் கேட்டுப் பழகிய மெஷினுக்கு இது புதுசு. வேப்பந்தட்டை, செட்டிக்குளம், ஆண்டிமடம் போன்ற ஊர்ப் பெயர்களை அது முன்பு கேட்டிருக்காவிட்டால் வேறு ஏதாவது வார்த்தையைப் போட்டுவிடும்.

ஆய்வுகள் சொல்வது

மெஷின் எவ்வளவு தப்பு செய்கிறது என்பதை ஆய்வாளர்கள் வார்த்தைக் கணக்கில் அளக்கிறார்கள். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "நாளைக்கு காலையில பத்து மணிக்கு குழு கூட்டம், சேமிப்பு நூறு ரூபாய் கொண்டாங்க." மொத்தம் பத்து வார்த்தை. இதில் "நூறு" என்பதை மெஷின் "ஆறு" என்று எழுதினால் பத்தில் ஒன்று தப்பு, அதாவது 10 சதவீதம். கணக்குக்கு இது சின்னத் தப்பு. நமக்கோ அதுதான் பணம்!

சென்னையை அடுத்த எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி ஆசிரியர்களும் வேறு சில ஆய்வாளர்களும் 2022-ல் ஒரு போட்டி வைத்தார்கள். ஆஸ்பத்திரி, சந்தை, காய்கறிக் கடை போன்ற இடங்களில் வயதானவர்களும் திருநங்கைகளும் இயல்பாகப் பேசிய தமிழைப் பதிவு செய்து, அதை மெஷினால் எழுத்தாக்கச் சொன்னார்கள். முதலிடம் பெற்ற குழுவின் மெஷினுக்கே நூறு வார்த்தையில் சுமார் 40 வார்த்தை தப்பு. யாருக்கு இந்த வசதி அதிகம் தேவையோ, அவர்கள் பேச்சுதான் மெஷினுக்கு அதிகம் புரியவில்லை.

இது தமிழுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. அமெரிக்காவில் 2020-ல் ஐந்து பெரிய நிறுவனங்களின் மெஷின்களைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 வார்த்தை தப்பு, கறுப்பின மக்கள் பேச்சில் 35. அந்த மக்களின் பேச்சைக் கொடுத்துப் போதிய அளவு பழக்காததே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

வழி உண்டா?

உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி நகர ஆய்வாளர்கள், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு தமிழ்நாட்டு கிராமங்களில் ஒரு முயற்சி செய்து 2006-ல் அதை வெளியிட்டார்கள். மெஷினைப் பயன்படுத்த வரும் கிராமத்து ஆட்களின் பேச்சையே பதிவு செய்து, அதைக் கொண்டே அந்த ஊர்ப் பேச்சுக்கு மெஷினைப் பழக்குவது அவர்கள் வழி. கொஞ்ச வார்த்தைகள்தான், செலவும் குறைவு.

சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட தொகுப்பில் 22 இந்திய மொழிகளில், 145 மாவட்டங்களில், 16,237 பேர் பேசிய 7,348 மணி நேரப் பேச்சு இருக்கிறது. மத்திய அரசின் பாஷிணி திட்டத்திலும் பொதுமக்கள் தங்கள் குரலைக் கொடுக்கலாம். சின்ன வெங்காயம் நடுகிறவர், முந்திரி உடைக்கிறவர், கூலி வேலைக்குப் போகிற பாட்டி எல்லோருடைய பேச்சும் இப்படிச் சேர்ந்தால்தான் மெஷின் நம்மையும் புரிந்துகொள்ளும்.

நாம் கவனிக்க வேண்டியவை

1. மைக்கில் பேசி எழுதியதை அனுப்பும் முன் படித்துப் பார்ப்போம். படிக்கத் தெரியாதவர் குழுவில் படித்தவரிடம் காட்டலாம். இல்லையென்றால் குரல் பதிவாகவே அனுப்பிவிடலாம்.

2. கடன், வட்டி, சேமிப்பு, கணக்கு எண் இவற்றைக் கையால் அடிப்போம். பதிவேட்டில் எழுதுவதும் கையால்தான்.

3. போனில் யார் கேட்டாலும் ஓ.டி.பி., ரகசிய எண் சொல்லக்கூடாது. பேசுவது மெஷினாக இருந்தாலும் சொல்லக்கூடாது.

4. குரலைப் பதிவு செய்ய யாராவது வந்தால் கேட்போம்: எந்த நிறுவனம்? எதற்காக? குரலை யாரிடம் கொடுப்பீர்கள்? வேண்டாம் என்றால் அழிப்பீர்களா? பதில் திருப்தியாக இருந்தால் சம்மதிப்போம், இல்லையென்றால் மறுப்போம். குரல் நம்முடையது. படித்துக் காட்டாத தாளில் கையெழுத்தோ ரேகையோ வேண்டாம்.

குழுவில் செய்து பார்க்க

மேலே உள்ள பத்து வார்த்தை வாக்கியத்தை அடுத்த கூட்டத்தில் வயதான உறுப்பினர் ஒருவரும் இளைய உறுப்பினர் ஒருவரும் ஒரே போனில் சொல்லிப் பாருங்கள். யாருக்கு எத்தனை வார்த்தை தப்பு என்று எண்ணுங்கள். எண்களைச் சரியாக எழுதியதா என்றும் பாருங்கள். அப்புறம், எந்த வேலைக்கு இந்த மைக்கை நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்று குழுவாகப் பேசி முடிவு செய்யுங்கள்.