சிறு காயமா, பெருங்காயமா?

சமையலறைப் பெருங்காயத்தைப் பற்றியதன்று இக்கட்டுரை. தம்பி தங்கையரின் கையிலும் காலிலும் படும் வெட்டுக்காயங்களைப் பற்றியது. நம் சேலம், நாமக்கல் பகுதியில் அவற்றுக்குக் குறைவேது? வீட்டில் அரிவாள்மனை, மரவள்ளிக் காட்டில் களைக்கொத்து, கோழிப்பண்ணையில் கம்பிவலை, லாரிப் பட்டறை வாசலில் தகரத்துண்டு!

காயம் பட்டதும் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே எடுத்துப் பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் மீண்டும் பெருகும். நின்றபின் ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். காப்பித்தூளுக்கு உரிய இடம் வடிகட்டி! காயத்தில் அப்பினால் அதன் ஆழம் மறையும். மருத்துவர் அதை அகற்றும்போது குழந்தைக்கு இரட்டை வேதனை.

பத்து நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லையா? காயத்தின் விளிம்புகள் வாய் பிளந்து நிற்கின்றனவா? விரலை மடக்க முடியவில்லையா, மரத்துப் போயிற்றா? கண்ணாடிச் சில்லு உள்ளே பதிந்துள்ளதா? உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பதிந்ததைப் பிடுங்கக் கூடாது. தையல் சில மணி நேரத்துக்குள் போடுவதே நல்லது. "காலையில் பார்க்கலாம்" என்பது இங்கே உதவாது. இரத்தம் பீறிட்டால் அழுத்திய கையை எடுக்காமல், 108 ஊர்தியை அழைக்கச் சொல்லுங்கள்.

இரத்தமே வராத காயமும் உண்டு. காலில் ஆணி குத்தினால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். ஆனால் காற்றுப் புகாத அந்த ஆழமே இரணஜன்னிக் கிருமிக்கு உகந்த இடம். துருவினால் ஜன்னி வருகிறது என்பர் பலர். உண்மையில் மண்ணிலும் சாணத்திலும் அக்கிருமி பல்லாண்டு உறங்கிக் கிடக்கிறது. பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது; மண்ணிலுள்ள கிருமியோ ஒழியவில்லை. அதனால்தான் 10 வயதிலும் 16 வயதிலும் தடுப்பூசி. அழுக்குப் பட்ட காயமானால், கடைசி ஊசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தால் மறுபடியும் போட வேண்டும்.

நாய்க்கடி என்றால் கீறலாயினும் பதினைந்து நிமிடம் சோப்பிட்டுக் கழுவி, அன்றே ஊசிக்குச் செல்ல வேண்டும்.

அடிக்குப் பயந்து காயத்தை மறைக்கும் குழந்தைகள் பலர். தாய்மார்களே, திட்டுவதைச் சற்றே தள்ளிவைத்து, எதில் பட்டது, எப்போது பட்டது என்று முதலில் கேளுங்கள். மருத்துவரும் அதையே கேட்பார். கடைசித் தடுப்பூசி எப்போது என்றும் கேட்பார். தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.