விண்ணிலிருந்து வராத கற்கள்

சேலத்தை ஒட்டிய எங்கள் பள்ளியின் அறிவியல் மன்றத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. ‘விண்ணிலிருந்து வராத கற்கள்’ என்று அதன்மேல் மாணவர்களே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதில் முதலில் சேர்ந்த கல் என் தவறால் வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி ஏரிக்கரையில் கிடைத்ததாகக் கறுத்துக் கனத்த கல் ஒன்றைக் கொண்டுவந்தாள். காந்தம் ஒட்டியது. நான் பார்த்தது அவ்வளவுதான். ‘விண்வீழ்கல்’ என்று அட்டை எழுதிக் கண்காட்சியில் வைத்துவிட்டேன். பார்வையிட வந்த புவியியல் பேராசிரியர் ஒருவர் கல்லைத் திருப்பி, அடியில் இருந்த குமிழித் துளைகளைக் காட்டி, “இது இரும்பு உருக்கிய கசடு” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அருகில் நின்ற மாணவியின் முகம் வாடிவிட்டது. அதன்பிறகு அவள் என்னிடம் எந்தக் கல்லையும் கொண்டுவரவில்லை.

சென்ற ஆண்டு கஞ்சமலை அடிவாரத்திலிருந்து வரும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், “சார், வானத்துலேர்ந்து விழுந்த கல்லு” என்று ஒன்றை நீட்டினான். இந்த முறை நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மன்ற நேரம் முழுவதையும் அந்தக் கல்லுக்கே கொடுத்தோம்.

முதலில் கண்ணால் பார்த்தோம். புதிதாக விழுந்த விண்வீழ்கல்லின் மேல், காற்றில் பாய்ந்து வரும்போது உருகிய மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும். சிலவற்றில் பிசைந்த மாவில் கட்டைவிரல் அழுத்தியது போன்ற குழிகளும் இருக்கும். நாளானால் தோல் துருவேறிப் பழுப்பாகிவிடும். இவன் கல் கறுப்புதான், ஆனால் தோல் என்று பிரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. துளைகளும் இல்லை.

அடுத்தது காந்தம். பெரும்பாலான விண்வீழ்கற்களில் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகம் இருப்பதால் காந்தம் ஈர்க்கும். ஆனால் கஞ்சமலை காந்த இரும்புத்தாதுவான மேக்னடைட்டுக்குப் பெயர்போன மலை. அங்கே காந்தம் ஒட்டுவது எதையும் நிரூபிக்காது. எல்லா நூல்களும் முதலில் சொல்லும் இந்தச் சோதனை எங்கள் ஊரில் பயனற்றது என்பதை நான் அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

பிறகு அடர்த்தி. சுருள்தராசில் கல்லை நூலால் தொங்கவிட்டோம். காற்றில் 700 கிராம். வாளி நீரில் மூழ்கவிட்டபோது 500 கிராம். குறைந்தது 200. 700-ஐ 200-ஆல் வகுத்தால் 3.5. கிரானைட் பாறைக்கு ஏறத்தாழ 2.7-தான் வரும். பரவலாகக் கிடைக்கும் கல்வகை விண்வீழ்கற்களின் அடர்த்தி இந்த 3.5-ஐ ஒட்டியே இருக்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நடத்திய எந்த நாளிலும் என் வகுப்பில் இவ்வளவு கூச்சல் கேட்டதில்லை. எனக்கே மனம் தடுமாறியது.

பளபளப்பு பூசாத டைல்ஸின் பின்புறத்தில் கல்லை அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். விண்வீழ்கல் பெரும்பாலும் கோடு விடாது. செம்பழுப்புக் கோடு விட்டால் ஹெமடைட், கறுப்புக் கோடு விட்டால் மேக்னடைட். கோடு கறுப்பாக விழுந்தது. ஒரு மூலையை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தோம். மினுங்கும் உலோகத் துகள்களோ, காண்ட்ரூல் எனப்படும் சிறு உருண்டைகளோ தெரியவில்லை. கறுப்பும் வெளுப்புமாக அடுக்கடுக்கான வரிகள்தான் தெரிந்தன. மேக்னடைட்டும் குவார்ட்சும் மாறி மாறிப் படிந்த கஞ்சமலைப் பாறை.

பையன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படின்னா மொதல்ல எப்படி சார் நம்புனாங்க?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 1803 ஏப்ரல் 26 அன்று பிரான்சின் லேகிள் ஊரில் சுமார் 3000 கற்கள் விழுந்தன. ஆராய அனுப்பப்பட்ட ஜீன் பாப்டிஸ்ட் பியோ, ஊர் ஊராகச் சென்று கண்டவர்களை விசாரித்தார். அதோடு நிற்காமல், அந்த வட்டாரத்து உலைகளின் கசடிலோ சுரங்கங்களிலோ இத்தகைய கல் உண்டா என்றும் பார்த்தார். இல்லை என்று உறுதியான பிறகே வானிலிருந்து வந்தவை என்று எழுதினார். அதாவது, நான் அந்த மாணவியின் கல்லுக்குச் செய்யத் தவறியதை அவர் செய்தார்.

இப்போது மன்றத்தில் மொட்டைமாடித் தூசியைத் தேடுகிறோம். நார்வே இசைக்கலைஞர் ஜான் லார்சன் நகரக் கூரைத் தூசியிலிருந்து நுண்விண்கற்களைப் பிரித்தெடுத்தார். ஆஸ்லோ, பாரிஸ், பெர்லின் கூரைகளில் கிடைத்த சுமார் 500 துகள்கள் பற்றிய ஆய்வு 2017-இல் வெளியானது. பிளாஸ்டிக் பைக்குள் காந்தத்தை வைத்து, மழைநீர்க் குழாயின் வாயில் சேரும் மண்ணில் துழாவி, ஒட்டியதைக் கழுவி உலர்த்தி நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஆனால் வெல்டிங் பொறியும் பட்டாசும் இதேபோன்ற உருண்டைகளைத் தரும். தீபாவளிக்குப் பிந்தைய வாரங்களில் இதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று. எல்லாச் சோதனைகளையும் தாண்டும் கல் என்றாவது கிடைத்தால் வலுவான காந்தத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம். கல்லுக்குள் பதிந்திருக்கும் பழைய காந்தப் பதிவு அழிந்துவிடும். அதனால் நாங்கள் இப்போது காந்தத்துக்குப் பதிலாகத் திசைகாட்டியின் முள் அசைகிறதா என்று பார்க்கிறோம். கிடைத்த இடத்தைக் குறித்து, படமெடுத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்தப் பையன் தன் கல்லைப் பெட்டியில் வைத்துவிட்டு, சீட்டில் ‘கஞ்சமலை மேக்னடைட் பாறை, அடர்த்தி 3.5, கோடு கறுப்பு’ என்று எழுதினான். மறுவாரமே இன்னொரு கல்லோடு வந்தான்.