மதுவிலிருந்து மீள்வோர் கூட்டமும் கூட்டுறவு நெறியும்



ஒருவரால் தூக்க இயலாத சுமையைப் பலர் கூடித் தூக்குவதே கூட்டுறவு. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட உழைப்பாளர்கள் சிறு தொகை சேர்த்துக் கடை திறந்த வரலாறு நமக்கெல்லாம் முதற்பாடமாகும். அந்நெறி குடிநோயைத் தீர்க்கவும் துணை செய்யுமென்பதை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

பரமக்குடி, எமனேசுவரம் தறிகளாயினும், முதுகுளத்தூர் மிளகாய்க் காடுகளாயினும், கூலி கைக்கு வந்த அன்றே அதில் ஒரு பகுதி மதுக்கடைக்குச் செல்லும் குடும்பங்கள் உண்டு. சங்கப் பேரேட்டில் அது தவணை தவறிய கடனாகத் தெரிகிறது; வீட்டிலோ அடுப்பெரியாத இரவாகிறது. அத்தகையவரை மனவுறுதியற்றவர் என்று இகழ்கிறோம். மருத்துவ உலகமோ அதனை நோயென்றே கொள்கிறது.

இயக்கம் தோன்றிய வகை

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தமாகச் சென்ற பில் வில்சன் என்பவர், சில மாதங்களுக்கு முன்னரே குடியை விட்டவர். சென்ற காரியம் கைகூடாமையால் குடிக்கும் ஆசை மீண்டும் தலைதூக்கிற்று. தம்மைப் போன்ற வேறொரு குடிநோயாளியுடன் பேசினால் தப்பலாமென்று தேடி, டாக்டர் பாப் ஸ்மித் என்பவரைக் கண்டார். இருவரும் பேசினர், காலப்போக்கில் இருவரும் மீண்டனர். அச்சந்திப்பினின்று வளர்ந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' எனப்படும் ஏ.ஏ. இயக்கம். பிறருக்கு உதவுவோன் தானும் காக்கப்படுகிறான் என்பதே அதன் மூலதனம்.

27 ஆய்வுகளைத் தொகுத்து 2020ஆம் ஆண்டில் வெளியான காக்ரன் அறிக்கை, இவ்வழியில் முறையாக ஆற்றுப்படுத்தப்படுவோர் குடியை முற்றும் விட்டு நிற்பதில், பிற சிகிச்சை பெற்றோருக்குக் குறையாத பயனும், பலவேளை மிகுந்த பயனும் எய்துவதாகக் கூறுகிறது.

முதலில் மருத்துவர்

பல்லாண்டு நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை ஆகியவை தோன்றக்கூடும். உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரைக் கண்ட பின்னரே நிறுத்துதல் வேண்டும்.

அடைத்துவைத்தோ, கட்டிவைத்தோ திருத்தலாம் என்பதும் தவறு. 2001 ஆகஸ்டு 6 அன்று நமது மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த விடுதி தீப்பற்றி 28 பேர் மாண்டதை நாம் மறத்தலாகாது.

1980ஆம் ஆண்டில் சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன், குடிநோயால் இறந்த தம் கணவரின் பெயரால் தொடங்கிய நிறுவனத்தின் டி.டி.கே. மருத்துவமனை, இத்துறையில் தமிழ்நாட்டின் முன்னோடி.

இடமறிதல்

மருத்துவமனையின் மனநலப் பிரிவில் 'ஏ.ஏ. கூட்டம் எங்கு, எக்கிழமை நடைபெறுகிறது?' என்று வினவுக. மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 14446 வாயிலாகவும் ஆலோசனை பெறலாம். சொந்த ஊரில் கூட்டமில்லையெனில் அண்டை நகரை நாடுக. அறிந்தவர் கண்ணிற் படுவோமென்று கூசுவோருக்கு அதுவே வசதியாகவும் அமையும். பயணம் இயலாதவர் கைப்பேசி வழி நடைபெறும் கூட்டங்களிற் சேரலாம்.

கூட்டத்தில் நடப்பது

குடியை விடவேண்டுமென்ற விருப்பமே சேர்வதற்குரிய ஒரே தகுதி. கட்டணம் இல்லை, சாதி, சமய வேற்றுமை இல்லை. செலவுக்காகப் பை சுற்றிவரும், இயன்றவர் இடுவர். வெளியார் நன்கொடையை அவ்வியக்கம் ஏற்பதில்லை. ஒருவர் தம் அனுபவத்தைக் கூறும்போது ஏனையோர் குறுக்கிடாது கேட்பர். புதியவர் பேசியே தீரவேண்டுமென்பதில்லை, வாய்மூடி அமர்ந்திருக்கலாம். ஒரு கூட்டத்தோடு முடிவு செய்யாமல் சில கூட்டங்களுக்கேனும் சென்று பார்த்தல் நலம். குடும்பத்தாருக்கென 'அல்-அனான்' என்னும் தனிக் கூட்டங்களும் உண்டு.

இடையே ஒருநாள் தவறி விழுந்தவர் வெட்கத்தால் ஒதுங்கிவிடுதல் ஆகாது. இழை அறுந்ததற்காகப் பாவையே வெட்டியெறியும் நெசவாளர் உண்டோ? முடிச்சிட்டு மேலே நெய்வதன்றோ தொழில்!

சங்கத்தின் கடமை

நமது சங்கத்துக்கு அங்கத்தினர் பதிவேடு இன்றியமையாதது. அக்கூட்டத்திலோ வந்தவர் பெயரை வெளியிடாமையே உயிர்நாடி. ஆகவே, கூட்டத்துக்குச் செல்லும் அங்கத்தினரிடம் நிர்வாகக் குழுவினர் சான்று கேட்டலும், பொதுக்குழுவில் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டுதலும் கூடா. பாராட்டும் ஒருவகையில் காட்டிக்கொடுத்தலேயாம். சங்கம் செய்யத்தக்கவை மூன்று: அறிவிப்புப் பலகையில் 14446 என்னும் எண்ணை எழுதி வைத்தல், கூலியை மாலையில் ரொக்கமாக வழங்காது, அங்கத்தினர் விரும்பினால் வங்கிக் கணக்கிற் சேர்த்தல், மீள முயல்வோரின் கடன் தவணையை விதிகளுக்குட்பட்டுப் பரிவோடு நோக்குதல்.

கடன் தவறியவருக்கு நோட்டீசு அனுப்ப நாம் நன்கறிவோம். அவர் மீண்டெழும் வழியைக் காட்டவும் அறிந்துகொண்டால், ஒரு தறி ஓயாது. ஒரு வீட்டில் அடுப்பு அணையாது.

படிப்பு வட்டத்தில் ஆராய்க

1. ஏ.ஏ. கூட்டம் நமது சங்கத்தை எவ்வகையில் ஒத்துள்ளது? எவ்வகையில் வேறுபடுகிறது?
2. மருத்துவரைக் காணாமல் குடியைத் திடீரென நிறுத்துவதால் விளையும் ஆபத்து யாது?
3. நமது சங்கத்தில் கூலி வழங்கும் நாளையும் நேரத்தையும் மாற்றியமைக்க இயலுமா?