பேருக்கு டைரக்டர் உண்டா?

 

நம் கடைகளிற் பல, வாப்பாமார் காலத்தில் கூட்டு வியாபாரமாக நடந்தவை. கூட்டின் கடனுக்குப் பங்காளிகள் அனைவரும் சொந்தச் சொத்தைக் கொண்டு பதில் சொல்ல வேண்டும். ஆகையால் இன்று பலர் 'செண்டிரியான் பெர்ஹாட்' கம்பெனியாகப் பதிந்து கொள்கிறோம். சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு தனி ஆள். கம்பெனியின் கடன் பங்குதாரரின் கடன் ஆகாது என்று, 1897-ல் லண்டனில் சாலமன் என்னும் தோல் வியாபாரியின் வழக்கில் தீர்ப்பாயிற்று.

இதைக் கேட்டு, டைரக்டருக்கும் பயமில்லை என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. பங்குதாரர் பணம் போட்டவர். டைரக்டரோ நடத்தும் பொறுப்பை ஏற்றவர். மச்சான் கேட்டார், மருமகன் கேட்டார் என்று கையெழுத்திட்டுவிட்டு, கணக்கையே பாராதிருப்பவரை நம்மவர் 'பேருக்கு டைரக்டர்' என்பர். மலேசியச் சட்டத்தில் அப்படியொரு வகையே இல்லை.

2016-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, டைரக்டர் நல்லெண்ணத்தோடும், கம்பெனியின் நன்மையைக் கருதியும், தக்க கவனத்தோடும் நடக்க வேண்டும் என்கிறது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 30 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே. தலைமை நிர்வாகி, நிதி நிர்வாகி ஆகியோரையும் இது கட்டும்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. கம்பெனிப் பணம் நம் வீட்டுப் பணம் அல்ல. கல்லாவிலிருந்து நினைத்தபடி எடுக்கலாகாது.

2. கம்பெனி வாங்கும் சரக்கிலோ, வாடகைக்கு எடுக்கும் இடத்திலோ நமக்குச் சொந்த லாபம் இருந்தால், டைரக்டர்கள் கூட்டத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

3. கணக்குப் புத்தகங்களை 7 ஆண்டுகள் காத்து வைக்க வேண்டும்.

4. ஊழியர் சேமநிதியைத் தவறாமல் கட்ட வேண்டும். கம்பெனி கட்டாவிட்டால், 1991-ஆம் ஆண்டுச் சேமநிதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவுப்படி, டைரக்டர்கள் கம்பெனியோடு சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பாவர். பாக்கி விழுந்த காலத்தில் டைரக்டராயிருந்து, பிறகு விலகியவரும் தப்ப முடியாது.

நட்டம் வந்ததெல்லாம் குற்றமாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். விவரம் அறிந்து, சுயலாபம் கருதாமல், நேர்மையாக எடுத்த முடிவு கைகொடுக்காமற் போனால், சட்டம் அதைத் தவறாகக் கொள்வதில்லை.

ஆகவே, யாராவது கையெழுத்துக் கேட்டால் முகதாட்சணியம் பாராமல் மூன்று கேள்விகள் கேட்போம். கணக்கைப் பார்க்க விடுவீர்களா? சேமநிதி ரசீதுகளைக் காட்டுவீர்களா? கூட்டங்களுக்கு அழைப்பீர்களா? இல்லையென்றால், அன்போடு மறுத்துவிடுவதே நலம். தொழிலாளியின் கூலியிற் பிடித்த காசு அமானத். அமானத்தில் 'பேருக்கு' என்பது இல்லை என்பதை நாம் மத்ரஸாவிலேயே ஓதியிருக்கிறோம்.