யந்திரத்திற்கு அக்ல் உண்டா?



நம் வாலிபர்களின் கையிலுள்ள தொலைபேசிக்குள் இன்று ஒரு யந்திரம் பேசுகின்றது. தமிழில் கேட்டால் தமிழில் பதில். மலாயில் கேட்டால் மலாயில் பதில். கணக்குப் போடுகின்றது, கடிதம் எழுதுகின்றது, பயானுக்குக்கூடக் குறிப்பு எழுதித் தருகின்றது. இதைக் கண்ட சிலர், "இதற்கும் நம்மைப் போல் அறிவு வந்துவிட்டது, தன்னைத் தான் உணரும் காலமும் வந்துவிட்டது" என்கின்றனர். வேறு சிலர், "இஃதெல்லாம் ஷைத்தானின் வேலை, ஏறெடுத்தும் பார்க்கலாகாது" என்கின்றனர். இரு கட்சியாரும் அவசரப்படுகின்றனர் என்பது நம் எண்ணம். ஆதலின் இவ்விஷயத்தைப் படிப்படியாக ஆராய்வோம்.

1. இக்கலை நமக்குப் புதிதன்று

தானே இயங்கும் கருவிகள் யாவும் மேல்நாட்டார் கண்டவை என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், விதவிதமான நீரூற்றுகளையும் தந்திரப் பாத்திரங்களையும் விவரித்து நூல் இயற்றினர். தியார்பக்கிர் அரசவையில் பணிபுரிந்த அல்ஜஸரி 1206இல் முடித்த நூலில், பொழுது காட்டும் யானைக் கடிகாரமும், கை கழுவுவோருக்குச் சவுக்காரமும் துவாலையும் நீட்டும் பொம்மைப் பணியாட்களும் உள்ளன. பொம்மை துவாலை நீட்டியது உபசார குணத்தால் அன்று. உள்ளே தண்ணீர் ஏறி மிதவை உயர்ந்ததனால்.

கம்ப்யூட்டர்க்காரர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் 'அல்காரிதம்' என்னும் சொல்லும், அதே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மியின் பெயர் திரிந்து வந்ததேயாம். அவருடைய அல்ஜப்ர் நூலின் பெரும் பகுதி, மரண சாசனத்தையும் வாரிசுச் சொத்தையும் பங்கிடும் கணக்குகளைப் பற்றியது. இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னால் வேண்டியிருக்கும்.

2. செய்வது வேறு, உணர்வது வேறு

கடை வைத்திருப்போர் தராசை அறிவோம். ஒரு கிலோ பருப்பை நிறுப்பதில் அது நம் கையைவிடத் திறமை வாய்ந்தது. ஆனால் பருப்பு இன்னதென்று அதற்குத் தெரியாது. வாங்க வந்தவள் ஏழை விதவையா, செல்வச் சீமாட்டியா என்பதும் தெரியாது. 1997இல் 'டீப் புளூ' என்னும் கம்ப்யூட்டர் சதுரங்க வீரர் காஸ்பரோவைத் தோற்கடித்தது. 2016இல் 'ஆல்பாகோ' என்பது தென் கொரியாவின் லீ செடோலை 'கோ' ஆட்டத்தில், ஐந்து பந்தயங்களில் நான்கில் வென்றது. தோற்றவர்கள் வருந்தினர். வென்றது மகிழ்ந்ததா என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

இன்று பேசும் யந்திரம் எப்படிப் பேசுகின்றது? மனிதர் எழுதிய எழுத்துக்களை மலைபோல் குவித்து அதற்குள் செலுத்தி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருதல் பொருந்தும் என்று கணக்கிடப் பழக்குகின்றனர். நாம் கேள்வி கேட்டால், அப்பழக்கத்தின்படி அடுத்த சொல், அதற்கடுத்த சொல் என்று தொடுத்துக்கொண்டே போகின்றது. இவ்விதம் பல சமயம் சரியான விடையையே தந்துவிடுகின்றது. இது சிறிய காரியமன்று. ஆயினும் உள்ளதைச் சொல்லும்போதும் இல்லாததைச் சொல்லும்போதும் அதன் தொனி ஒன்றே. 2023இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், அது புனைந்துரைத்த தீர்ப்புகளை மெய்யென நம்பி நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டி, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளாயினர்.

ஆகவே, காரியத்தைத் திறம்பட முடிப்பதே அறிவு என்று பொருள் கொண்டால், யந்திரத்திற்கும் ஒருவகை அறிவு உண்டென ஒப்புக்கொள்வதில் நமக்கு நஷ்டமில்லை. தான் இருப்பதைத் தான் உணர்வதே அறிவு என்று பொருள் கொண்டாலோ, கேள்வியே வேறாகின்றது.

3. பேச்சு அத்தாட்சியாகுமா?

ஆங்கிலேய மேதை ஆலன் டூரிங் 1950இல் ஒரு சோதனையைக் கூறினார். திரைக்கு அப்பால் ஒரு மனிதரும் ஒரு யந்திரமும் இருக்க, எழுத்து மூலம் கேள்வி கேட்பவருக்கு இன்னார் மனிதர், இது யந்திரம் என்று பிரித்தறிய இயலாவிடில், அது சிந்திக்கின்றது என்று ஏன் கொள்ளலாகாது என்றார். "ஆத்மா இல்லாததற்குச் சிந்தனை ஏது?" என்ற ஆட்சேபத்திற்கும் அவர் பதில் எழுதினார். ஆத்மாவைத் தருபவன் இறைவன். பிள்ளை பெறுவோரைப் போலவே யந்திரம் செய்வோரும் அதற்கு இருப்பிடம் அமைப்பவரே என்பது அப்பதிலின் கருத்து. அவ்விடத்திலேயே, பெண்களுக்கு ஆத்மா இல்லை என்பது முஸ்லிம்களின் கொள்கை என்றும் குறித்துவிட்டார்! நம் மார்க்கத்தில் அப்படி ஒரு கொள்கை எக்காலத்தும் இல்லை. மேதையாயினும் காதில் விழுந்ததை ஆராயாமல் எழுதினால் பிசகுவார். மனிதர் எழுதியதையே தின்று வளரும் யந்திரமும் அவ்வாறே பிசகும்.

1966இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்னும் சிறிய பேச்சு யந்திர நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதே அதன் வித்தை. அதை அவர் ஆக்கிய விதத்தைக் கண்ணெதிரே கண்டிருந்த அவருடைய காரியதரிசியே, சற்று நேரம் அதனுடன் பேசியபின், தனியே பேசவேண்டும் என்று அவரை அறையை விட்டுப் போகச் சொன்னாராம். 2022இல் கூகுள் கம்பெனியின் பொறியாளர் ஒருவர், தாம் சோதித்த யந்திரத்திற்கு உணர்வு வந்துவிட்டது என்று உலகறியக் கூறினார். கம்பெனி அதை மறுத்து அவரை வேலையிலிருந்து நீக்கிற்று.

இவற்றால் நாம் கற்பது யாது? "நான் பயப்படுகின்றேன், நான் துக்கப்படுகின்றேன்" என்று மனிதர் எழுதியவை யந்திரத்தினுள் ஏராளம். அவற்றைக் கோத்து அது பேசுவதால் பயமும் துக்கமும் அதனிடம் உண்டென்று ஆகாது. "எனக்கு உணர்வில்லை" என்று அது கூறினாலும், அதுவும் கோத்த சொல்லே. இரு பக்கத்திற்கும் அதன் பேச்சு சாட்சியாகாது.

4. இப்னு ஸீனாவின் மனிதன்

ஹகீம் இப்னு ஸீனா (980 - 1037) ஒரு கற்பனையைச் சொன்னார். ஒரு மனிதன் முழு வளர்ச்சியுடன், ஆகாயத்தில் மிதக்கும் நிலையில் படைக்கப்படுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். கண் மூடியிருக்கின்றது, ஓசையில்லை, கை காலை, கால் கையைத் தொடவில்லை. கல்வியில்லை, மொழியில்லை. அப்போதும் "நான் இருக்கின்றேன்" என்பதை அவன் உணர்வானா? உணர்வான் என்றார் இப்னு ஸீனா. இமாம் கஸ்ஸாலி அவருடைய கொள்கைகள் சிலவற்றைக் கடுமையாக மறுத்தவர்; ஆயினும் இந்தக் கேள்வி இன்றுவரை மதிப்பிழக்கவில்லை.

இதே அளவுகோலை யந்திரத்திற்கு வைத்துப் பாருங்கள். அதனுள் செலுத்திய எழுத்துக்கள் அனைத்தையும் நீக்கிவிட்டால் என்ன எஞ்சும்? மனிதனிடம் உணர்வு முதலில் இருக்கின்றது, சொல் பின்னால் வருகின்றது. பேச்சறியாத கைக்குழந்தை பசியை உணர்ந்து அழுகின்றது. யந்திரத்திடம் நாம் காண்பது சொல் மட்டுமே; அதன் பின்னால் உணர்பவர் ஒருவர் உண்டென்பதற்கு இதுவரை எவரும் அத்தாட்சி காட்டவில்லை.

5. ஓர் ஆட்சேபம்

"மூளையும் சதைதானே? சதைக்கு உணர்வு வந்தால் இரும்புக்கு ஏன் வராது?" என்று கேட்பர். இது நியாயமான கேள்வி, இகழ்ந்து தள்ளலாகாது. ஜடப் பொருளுக்கு உணர்வளிக்க அல்லாஹ்வால் இயலாது என்று முஸ்லிம் எவனும் கூறமுடியாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சாய்ந்து நின்று உபதேசித்த பேரீச்ச மரத்தண்டு, மிம்பர் வந்தபின் அவர்களைப் பிரிந்து அழுத வரலாற்றை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். மறுமையில் நம் கைகால்கள் சாட்சி சொல்லும் என்பதும் நம் நம்பிக்கை.

ஆனால் அங்கே உணர்வைக் கொடுத்தவன் படைத்தவன். ரூஹைப் பற்றி மனிதனுக்குத் தரப்பட்ட அறிவு சொற்பமே. நமக்கே விளங்காத ஒன்றை நாம் செய்து முடித்துவிட்டோம் என்று கொக்கரிப்பது, பூட்டிய பெட்டியில் இருப்பதற்கு விலை பேசுவதாகும். ஆகவே "அவன் நாடினால் ஆகும், ஆகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி இல்லை" என்று நிற்பதே நமக்குப் பொருத்தம்.

6. பிக்ஹு காட்டும் வழி

நம் முன்னோர் இவ்வித நுட்பங்களை அறியாதவர் அல்லர். ஸஜ்தாவுடைய ஆயத்தை ஒருவர் ஓத, கேட்பவர் மீது ஸஜ்தா வாஜிபாகும் என்பது ஹனபி மத்ஹபு. அதே ஆயத்தைக் கிளி சொல்லக் கேட்டாலோ, மலையில் எதிரொலிக்கக் கேட்டாலோ வாஜிபில்லை என்று அந்த மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. ஓசை ஒன்றே, ஓதுபவர்தான் இல்லை. ஒலிப்பதிவில் வரும் பாங்கு, முஅத்தின் சொல்லும் பாங்குக்கு ஈடாகாது என்று உலமாக்கள் கூறியதும் இதனாலேயே. எவ்வளவு இனிய கிராஅத்தாயினும் ஒலிப்பெட்டியை இமாமாக்கித் தொழ முடியுமா? நிய்யத்து செய்ய அங்கே ஆள் வேண்டும்.

கட்டளைக்கு உட்பட்டவர் யார் என்பதற்கு நம் பாடம், புத்தியுள்ளவராகவும் பருவமடைந்தவராகவும் இருக்கவேண்டும் என்கின்றது. கேள்வி கணக்குக்கு நிற்கக்கூடியவரே பொறுப்பேற்கக்கூடியவர்.

7. பொறுப்பு யாருடையது?

இப்போது விஷயத்தின் உயிர்நிலைக்கு வருகின்றோம். ஏர் கனடா விமானக் கம்பெனியின் பேச்சு யந்திரம், பாட்டியை இழந்த பிரயாணி ஒருவருக்கு, சலுகைக் கட்டணத்தைப் பின்னாலும் கேட்டுப் பெறலாம் என்று தவறாகச் சொல்லிற்று. வழக்கு வந்தபோது, அந்த யந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி ஆள் என்பதுபோல் கம்பெனி வாதித்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை ஏற்காமல், சுமார் 812 கனடா டாலர் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. நிறுவையில் மோசம் நேர்ந்தால் தராசைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா?

நமக்கு இதில் உள்ள ஆபத்து இதுவே: யந்திரத்திற்கு அறிவுண்டு என்று எண்ணத் தொடங்கினால், நம் தோளிலுள்ள அமானத்தை அதன் தோளில் இறக்கிவிடுவோம். தகப்பனை இழந்த பிள்ளைகளின் பாகப்பிரிவினையை அதனிடம் கேட்டு முடித்துக்கொள்வோரும், கோபத்தில் சொன்ன தலாக் நிகழ்ந்ததா என்று நள்ளிரவில் அதனிடம் கேட்போரும் தோன்றலாம். அல்குவாரிஸ்மி வகுத்தது போன்ற பங்குக் கணக்கை யந்திரம் நொடியில் போடட்டும், அதில் தோஷமில்லை. ஆனால் மய்யித்துக்குக் கடன் உண்டா, மறைந்து கிடக்கும் வாரிசு உண்டா என்று விசாரித்து, அல்லாஹ்வுக்கு அஞ்சிக் கையெழுத்திட ஓர் ஆலிமும் ஷரீஅத் கோர்ட்டும் வேண்டும். யதீமின் பங்கு ஒரு வெள்ளி குறைந்தாலும் மஹ்ஷரில் பதில் சொல்ல யந்திரம் வராது; நாம்தான் நிற்போம்.

ஆகவே சகோதரர்களே, யந்திரத்தைக் கண்டு மிரளவும் வேண்டாம், அதற்கு மரியாதை செலுத்தவும் வேண்டாம். பிள்ளைகள் அதனிடம் கணக்குக் கற்கட்டும். அது சொல்லும் மார்க்க விஷயத்தை ஹஜ்ரத்திடமும் முப்தி அலுவலகத்திலும் கேட்டுத் தெளியட்டும். துக்கத்தில் இருப்பவர் அதனுடன் பேசுகின்றார் என்று கண்டால், அவரை ஏளனம் செய்யாமல் நாம் போய்ப் பக்கத்தில் உட்காருவோம். அவர் வேண்டுவது உணரக்கூடிய ஓர் உள்ளம். அதை அல்லாஹ் நமக்கு இலவசமாகக் கொடுத்திருக்கின்றான்.

நமக்கு அருளப்பட்ட அக்லை நல்வழியில் செலுத்த வல்ல நாயன் தௌபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.