ரீபூட் மருந்தல்ல

“ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்னு வருதா? எல்லா மெஷினையும் ரீபூட் பண்ணு.” திருச்சியில் நான் போகும் லேபிலெல்லாம் இதே பேச்சு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நம்பிக்கை: ரீபூட் செய்தால் தீர்ந்துவிடும்.

உண்மை: காரணம் இருக்கும்வரை தீராது, திரும்பி வரும். 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய, சர்வரின் ஃபைல்களைப் பல கணினிகள் பகிர உதவும் என்எஃப்எஸ்-ல், ஒவ்வொரு ஃபைலுக்கும் சர்வர் ‘ஃபைல் ஹேண்டில்’ என்ற ஓர் அடையாளச் சீட்டு தருகிறது. லினக்ஸ் சர்வரில் அந்தச் சீட்டில் இருப்பது பெயரல்ல. ஐனோடு எண்ணும், அந்த எண் வேறு ஃபைலுக்குப் போனால் மாறிவிடும் தலைமுறை எண்ணும்தான். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் பழைய வீட்டை இடித்து அதே மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள். கதவிலக்கம் அதேதான், பழைய சாவி சேருமா? ஃபோல்டரை அழித்து அதே பெயரில் மறுபடி உண்டாக்கினாலும் இப்படித்தான். பழைய சீட்டை நீட்டும் கிளையண்டிடம் ‘செல்லாது’ என்கிறது சர்வர்.

ஒரு கல்லூரி லேபில் கண்ணால் பார்த்தேன். முந்தைய நாள் மூடாமல் விட்ட டெர்மினல்களில் தினமும் காலையில் இந்தப் பிழை. தினமும் 40 கணினிகளும் ரீபூட். ஒருநாள், வேறு ஃபோல்டரில் இரவெல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு மாணவியின் கணக்கீடும் அதில் போயிற்று. கறுத்த திரையைப் பார்த்தபடி நின்றாள். குற்றவாளி சர்வரில் இருந்தது: இரவு 2 மணிக்குப் பயிற்சி ஃபோல்டரை அழித்து மறுபடி உருவாக்கும் ஒரு கிரான் ஸ்கிரிப்ட். ஃபோல்டரைத் தொடாமல் உள்ளிருப்பதை மட்டும் புதுப்பிக்கும்படி மாற்றினோம். காலைப் பிழை நின்றது.

இந்தப் பிழை வந்தால், முதலில் அது வந்த ஃபோல்டரைவிட்டு வெளியே வந்து மறுபடி உள்ளே போங்கள். மவுண்ட்டே செல்லாமல் போயிருந்தால், அதை மட்டும் அவிழ்த்து மறுபடி மாட்டுங்கள். மற்றவர் வேலையில் கை வைக்காதீர்கள்.

நம்பிக்கை: கேபிள் பழுது.

உண்மை: ‘செல்லாது’ என்ற பதிலே கேபிள் வழியாகத்தான் வருகிறது.

நம்பிக்கை: சர்வர் பதில் தராவிட்டால் சிறிது நேரத்தில் கைவிடும் சாஃப்ட் மவுண்ட் போட்டால் தொல்லையில்லை.

உண்மை: காத்திருப்பு குறையும், எழுதிக்கொண்டிருந்த தரவு பாதியில் போகும் அபாயம் கூடும்.

நம்பிக்கை: பக்கத்துக் கணினியில் செய்த மாற்றம் இங்கே உடனே தெரியாவிட்டால் சர்வர் கெட்டுவிட்டது.

உண்மை: லினக்ஸ் கிளையண்ட் ஃபைல் விவரங்களை வழக்கமாக 3 முதல் 60 நொடி வரை நினைவில் வைத்திருக்கும். அங்கே எழுதி மூடியபின் இங்கே திறந்தால் புதியது வரும்.

2022-ல் 838 டெராஃபிளாப்ஸ் வேகமுள்ள ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டர் என்ஐடி-க்கு வந்த ஊர் இது. இங்கே சர்வர் பக்கத்தில் ஒரு நோட்டு வைக்க முடியாதா? யார், எப்போது, எந்த ஃபோல்டரை அழித்தார், எந்த ஸ்கிரிப்டைச் சேர்த்தார் என்று தமிழிலேயே எழுதிவையுங்கள். அப்படியொரு நோட்டு இருந்திருந்தால் அந்த மாணவியின் ஓர் இரவு மிஞ்சியிருக்கும்.